நிக்காஹ் நாளில் மூன்று கணினிகளைப் புதுப்பித்தது

எழுதுவதற்கு எனக்கு உரிமை இருப்பதாக நான் நினைக்கவில்லை. பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன். தமிழ்ப் பாடத்தில் நான் வாங்கிய மதிப்பெண்ணை இன்றைக்கும் வெளியில் சொல்லமாட்டேன். நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறக்கவே தயங்குவேன். கணினியைப் பற்றி எழுத அதைப் படித்தவர்கள் இருக்கிறார்கள். வாழ்க்கையைப் பற்றி எழுத அதற்கென்றே பிறந்தவர்கள் இருக்கிறார்கள். இருவருடைய இடத்திலும் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு எழுந்து போய்விடுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரு வெள்ளிக்கிழமை நடந்ததைச் சொல்ல வேண்டியிருக்கிறது. யாரிடமும் அதை முழுதாகச் சொன்னதில்லை. எழுதினால் எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை என்பதால் எழுதுகிறேன்.

எங்கள் ஊர் அதிராம்பட்டினம். பதினோரு வருடம் சவூதியில் ஒரு கிடங்கில் இருந்தேன். வரும் பெட்டிகளின் எண்களைக் கணினியில் ஏற்றுவது வேலை. அங்கே நான் கற்றுக்கொண்டது ஆங்கில எழுத்துகளை வேகமாகத் தட்டுவது மட்டும்தான். திரும்பி வந்தபோது லாத்தா தன் வீட்டின் முன்னறையை எனக்குக் கடையாக விட்டுக்கொடுத்தார். அக்காவை நாங்கள் லாத்தா என்றுதான் கூப்பிடுவோம். அதற்கு முன் அந்த அறை எஸ்டிடி பூத்தாக இருந்தது. நான் மூன்று கணினி, ஒரு பிரிண்டர், கரண்ட் போனால் கொஞ்ச நேரம் தாங்க ஒரு சின்ன யுபிஎஸ் வாங்கிப் போட்டு அதை பிரவுசிங் சென்டர் ஆக்கினேன். பாஸ்போர்ட் விண்ணப்பம், விசா நகல், விமான டிக்கெட் என்று ஆட்கள் வருவார்கள். நடு மெஷினில் ஒரு கேமரா வைத்திருந்தேன். வெளிநாட்டில் இருக்கும் ஆண்களின் முகத்தைப் பார்க்க வீட்டுப் பெண்கள் பிள்ளைகளோடு வருவார்கள். கேமரா போன் எல்லார் கையிலும் வராத காலம் அது.

மூன்றிலும் லினக்ஸ் என்ற இயங்குதளம்தான் ஓடியது. முதலில் எல்லாக் கடையிலும் இருந்ததுதான் என்னிடமும் இருந்தது. வருகிறவர்கள் கொண்டுவரும் பென் டிரைவில் வைரஸ் ஏறி, வாரத்துக்கு ஒன்றாவது படுத்துவிடும். சவூதியில் என்னோடு ஒரே அறையில் தங்கியிருந்த நண்பர் ஒருவர், வலங்கைமான் பக்கத்து ஆள், எனக்கு முன்பே ஊர் திரும்பி, தஞ்சாவூரில் ஒரு கல்லூரியின் கணினிக் கூடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஊரில் கொஞ்சம் நிலம் குத்தகைக்கு எடுத்து நெல்லும் போட்டார். அவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி வந்து மூன்றிலும் லினக்ஸைப் போட்டுக்கொடுத்தார். அதற்குப் பிறகு வைரஸ் தொல்லை இல்லை.

போகும்போது அவர் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொன்னார். திரையின் மூலையில் அவ்வப்போது ஓர் ஆரஞ்சு நிறக் குறி வரும், புதுப்பிப்பு வந்திருக்கிறது என்று அர்த்தம். வந்தவுடன் அமுக்கக் கூடாது. வராததுபோல இருந்துவிடவும் கூடாது. வேலை இல்லாத நாளாகப் பார்த்து, முதலில் ஒரே ஒரு மெஷினில் செய்ய வேண்டும். எது எது மாறப்போகிறது என்று பட்டியலை ஒரு தடவையாவது பார்க்க வேண்டும். ஒரு வாரம் அது ஒழுங்காக ஓடினால் மற்ற இரண்டிலும் செய்யலாம். ஓடும்போது கரண்ட் போகவே கூடாது. நான் இதையெல்லாம் ஒரு தாளில் எழுதி மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துக்கொண்டேன். முதல் வருடம் அப்படியே நடந்தேன். பிறகு கடையில் கூட்டம் வந்தது. ஆரஞ்சுக் குறியைப் பார்ப்பதை விட்டுவிட்டேன்.

லாத்தாவின் மகள், என் மருமகள், எனக்குக் கடையில் பெரிய உதவி. பெண்கள் வந்தால் அவள்தான் உட்கார்ந்து பேச வைப்பாள். அவளுக்கு எங்கள் ஊரிலேயே வேறு தெருவில் மாப்பிள்ளை பேசியிருந்தார்கள். மாப்பிள்ளை சவூதியில், பாலைவனத்தில் குழாய் பதிக்கும் ஒரு கம்பெனியில் வேலை. கல்யாணம் இரண்டு தடவை தள்ளிப்போனது. முதல் தடவை, பத்திரிகை கொடுத்து முடித்த பிறகு லீவை ரத்து செய்துவிட்டார்கள். இரண்டாவது தடவை, அவருடைய பாஸ்போர்ட்டைக் கம்பெனி திருப்பிக் கொடுக்கவில்லை. ஊர் சும்மா இருக்குமா? பையனுக்கு விருப்பம் இல்லை, லீவு என்பதெல்லாம் சாக்கு என்று பேச்சு கிளம்பியது. மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர், இந்தத் தடவையும் நடக்காவிட்டால் இரண்டு வீட்டுக்கும் மரியாதையாக விலகிக்கொள்ளலாம் என்று சொல்லி அனுப்பினார். அதைக் கேட்ட நாளிலிருந்து மருமகள் கடைப்பக்கம் வரவில்லை. உள்கதவு வரைக்கும் வந்து டீயை வைத்துவிட்டுப் போய்விடுவாள்.

அதனால் மாப்பிள்ளை வராமலே நிக்காஹ் செய்வது என்று முடிவானது. மாப்பிள்ளை தன் சார்பில் ஒருவரை வக்கீலாக, அதாவது பிரதிநிதியாக, நியமித்தால், அவர் சபையில் உட்கார்ந்து ஏற்றுக்கொள்ளலாம். மாப்பிள்ளையின் சாச்சா, அதாவது சித்தப்பா, அதற்கு ஒப்புக்கொண்டார். ஆனால் ஊர்ப் பேச்சு, நிக்காஹ் ஓதி வைக்கும் ஹஜ்ரத்தின் காதிலும் விழுந்திருந்தது. அவர் ஒரு நிபந்தனை போட்டார். "கடுதாசி மட்டும்னா நான் ஓத மாட்டேன். பையன் முகத்தை நானும் சாட்சிகளும் பாக்கணும். இன்னாரை வக்கீலாக்குறேன்னு அவன் வாயால சொல்றதைக் கேக்கணும்."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். ஊரில் இன்னொரு பிரவுசிங் சென்டர் இருந்தது, அங்கே கேமரா கிடையாது. நான் தலையை ஆட்டினேன்.

வெள்ளிக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு, நாலு மணிக்கு என்று நாள் குறித்தார்கள். மாப்பிள்ளைக்கு அன்று விடுமுறை. கம்பெனி பஸ்ஸில் டவுனுக்கு வந்து அங்கே ஒரு கடையில் உட்காருவார். பஸ் முகாமுக்குத் திரும்பும் நேரம் எங்கள் கணக்கில் மாலை ஐந்து மணி. அதற்குள் முடிய வேண்டும்.

எங்கள் பக்கம் வீட்டில் ஒரு நல்ல காரியம் என்றால் எதையும் இருக்கிறபடி விடமாட்டோம். சுவருக்கு வெள்ளை அடிப்போம், கிணற்றை இறைப்போம், தையல் மெஷினுக்கு எண்ணெய் விடுவோம், ஒரு வருடமாக நின்றுபோன கடிகாரத்துக்குக்கூட அன்றைக்குத்தான் பேட்டரி போடுவோம். வெள்ளிக்கிழமை காலையில் நானும் அதைத்தான் செய்தேன். கடையைப் பினாயில் போட்டுக் கழுவினேன். திரைகளை ஈரத் துணியால் துடைத்தேன். விசைப்பலகைகளைக் கவிழ்த்துத் தட்டினேன். துடைத்து முடித்த திரையின் மூலையில் அந்த ஆரஞ்சுக் குறி இருந்தது. அமுக்கிப் பார்த்தால் முந்நூற்றுச் சொச்சம் புதுப்பிப்புகள். எட்டு மாதத்துச் சேர்மானம். எனக்கு அது மூலையில் தொங்கும் ஒட்டடை மாதிரி தெரிந்தது. ஹஜ்ரத்தும் பெரியவர்களும் வந்து உட்காரும் திரையில் ஒட்டடை இருக்கலாமா?

பட்டியலைப் பார்க்கவில்லை. ஒரு மெஷினோடு நிறுத்தவும் இல்லை. ஓர் அறைக்கு மட்டும் வெள்ளை அடித்து யாராவது கல்யாணம் செய்வார்களா? மூன்றிலும் அமுக்கினேன். நீல நிறப் பட்டை மெல்ல நகர ஆரம்பித்தது. மணி பதினொன்றரை இருக்கும். எனக்கு மனசுக்கு நிறைவாக இருந்தது என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

பன்னிரண்டே கால் ஆனபோது பட்டை முக்கால் பங்கு வந்திருந்தது. ஜும்மா தொழுகைக்கு நேரமாகிவிட்டது. குளித்து உடை மாற்றிக்கொண்டு வந்து, கடையைப் பூட்டினேன்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். கொஞ்ச வருடத்துக்கு முன் எங்கள் கடைத்தெருவில், எல்லாரும் ஜும்மாவில் இருந்த நேரம், பூட்டிய ஜவுளிக்கடை ஒன்று மின்கசிவில் தீப்பிடித்தது. அதிலிருந்து வெள்ளிக்கிழமை கடை பூட்டுகிற எவரும் மெயின் சுவிட்சை இறக்காமல் போகமாட்டார்கள். தொழுகைக்குப் போகும் வழியில் "மெயின் இறக்கியாச்சா?" என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்வதே வழக்கமாகிவிட்டது. என் கடைக்குத் தனி மீட்டர். மெயின் பெட்டி ஷட்டருக்கு உட்பக்கம், இடது கை எட்டும் இடத்தில். இடது கை மேலே போகும், வலது கை ஷட்டரைப் பிடிக்கும். இரண்டும் ஒரே அசைவு. அன்றும் அப்படித்தான் போனது. கை போனதை நான் பார்த்தேன். யுபிஎஸ் கீக் கீக் என்று கத்தியதும் காதில் விழுந்தது. கரண்ட் போனால் தினமும் கத்துவதுதான். ஷட்டரை இறக்கிப் பூட்டிவிட்டுப் பள்ளிவாசலுக்கு நடந்தேன்.

தொழுகை முடிந்து, வழியில் நாலு பேரின் கல்யாண விசாரிப்புகளுக்குப் பதில் சொல்லி, ஒன்றே முக்காலுக்கு வந்து ஷட்டரைத் தூக்கினேன். மெயினைப் போட இடது கையை உயர்த்தியபோதுதான், புதுப்பிப்பு ஓடும்போதே அதை இறக்கிவிட்டுப் போனது தெரிந்தது. கை அந்தரத்தில் அப்படியே நின்றது.

மெயினைப் போட்டு, நடு மெஷினின் பொத்தானை அமுக்கினேன். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் மளமளவென்று ஓடின. நின்றன. கடைசி வரிக்குக் கீழே ஒரு சின்னக் கோடு மின்னி மின்னி மறைந்தது. படம் வரவில்லை. இடது மெஷினும் அப்படியே. வலது மெஷினில் படம் வந்தது, ஆனால் மவுஸும் விசையும் செத்திருந்தன. நான் நடு மெஷினை அணைத்து அணைத்துப் போட்டேன், நாலைந்து தடவை. ஒவ்வொரு தடவையும் அந்தக் கோடு அதே இடத்தில் மின்னியது.

அதிர்ச்சி என்றால் நெஞ்சு படபடக்கும் என்று சொல்வார்கள். எனக்குப் படபடக்கவில்லை. காது அடைத்துக்கொண்டது. பின்கட்டில் பிரியாணிக்குத் தாளித்த வாசம் வந்தது, ஆட்கள் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள், எல்லாம் வேறு யாருடைய வீட்டிலோ நடப்பதுபோல இருந்தது. கைகள் மட்டும் கண்ணில் பட்டன. இந்தக் கைதான் அமுக்கியது, இந்தக் கைதான் இறக்கியது. பதினோரு வருடம் அந்நிய நாட்டில் ஒரு பெட்டி எண்ணைக்கூடத் தப்பாக ஏற்றாத கை, ஒரே நாளில் என் லாத்தா மகளின் கல்யாணத்தை இரண்டு தடவை கெடுத்திருந்தது.

லாத்தா உள்கதவைத் திறந்து நன்னாரி சர்பத் கொண்டுவந்தார். திரையைப் பார்த்தார்.

"என்ன தம்பி, படத்தைக் காணோம்?"

"வரும் லாத்தா. கொஞ்சம் நேரமாகும்."

 சர்பத்தை வைத்துவிட்டு ஒரு தடவை யுபிஎஸ் பக்கம் பார்த்தார். முகம் வெளுத்திருந்தது. கல்யாணக் களைப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு நண்பரைக் கூப்பிட்டேன். கிடைக்கவில்லை. மறுபடி கூப்பிட்டேன். ஆறாவது தடவை எடுத்தார். லீவு போட்டுவிட்டு வலங்கைமானில் நடவில் நின்றுகொண்டிருந்தார். பின்னால் நடவுப் பெண்களின் பேச்சு கேட்டது. நான் நடந்ததைச் சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று நினைவில்லை. அவர் கேட்டது மட்டும் நினைவிருக்கிறது.

"மூணுலயுமா?"

"மூணுலயும்தான்."

அவர் சேற்றிலிருந்து வரப்பில் ஏறும் சத்தம் கேட்டது. 

"பாய், புது மருந்தை முதல் நாளே மூணு வயலுக்கும் சேத்து அடிக்கிறவனை எங்க ஊர்ல ஒரு பேர் சொல்லுவாங்க. உங்க வீட்டுல கல்யாணம், அதனால சொல்லாம விடுறேன். அணைச்சு அணைச்சுப் போட்டீங்களா?"

"நாலஞ்சு தடவை."

"இனிமே நான் சொல்லாம எதையும் தொடாதீங்க. ரெண்டு கையையும் மடியில வைங்க. வச்சாச்சா? வீட்டை இடிச்சுப் புதுசா கட்டுறப்ப பாதியில கொத்தனாரைத் துரத்தி விட்டிருக்கீங்க. அவ்வளவுதான். சாமான் எல்லாம் உள்ளதான் கிடக்கும். கொத்தனாரைத் திருப்பிக் கூப்பிடலாம்."

அந்த "அவ்வளவுதான்" என்ற சொல்லுக்கு நான் இன்றுவரை நன்றி சொல்லவில்லை.

கேமரா இருக்கும் நடு மெஷினைப் போட்டவுடன் ஷிஃப்ட் விசையை அமுக்கிப் பிடிக்கச் சொன்னார். எனக்கு அதுவரை தெரியாத ஒரு பட்டியல் திரையில் வந்தது. புதுப்பிக்கும்போது லினக்ஸ் தன் பழைய கர்னலை, அதாவது மெஷினை எழுப்பி நடத்துகிற அடிப்படைப் பகுதியை, அழித்துவிடாமல் பக்கத்திலேயே வைத்திருக்குமாம். அதைக் கொண்டு எழுப்பலாமாம். இத்தனை வருடம் என் கடையிலேயே இருந்த ஒரு கதவு, எனக்குத் தெரியாமல். மேலே இருந்த புதியதை விட்டு, கீழே பழையதன் பழுதுபார்க்கும் வரியைத் தேர்ந்தெடுத்தேன். மறுபடி கறுப்புத் திரை. ஆனால் இந்தத் தடவை அது என் சொல்லுக்குக் காத்திருந்தது.

அவர் வரப்பில் நின்றபடி ஒவ்வோர் எழுத்தாகச் சொல்ல, நான் தட்டினேன். சிக்னல் விட்டு விட்டு வந்தது. இடையில் எங்கே இடைவெளி, எங்கே சிறு கோடு என்று கேட்டுக் கேட்டு அடித்தேன். நடுவில் அவர் யாரிடமோ நாற்றுக்கட்டை எந்தப் பாத்தியில் போடுவது என்று சொன்னதையும் சேர்த்து அடிக்கப் பார்த்தேன். முதல் கட்டளை வட்டில் எழுத அனுமதி வாங்குவதற்கு. இரண்டாவது, பாதியில் நின்ற வேலைகளை எல்லாம் விட்ட இடத்திலிருந்து முடிக்கச் சொல்வதற்கு. அதை அடித்து என்டரைத் தட்டியதும் பெயர்கள் திரையில் வரிசையாக ஏறத் தொடங்கின.

"ஓடுதா? இதுல முக்கா மணி நேரம் ஆகலாம். இப்ப மட்டும் கரண்டு போச்சுன்னா நான் மெட்ராஸ்லேர்ந்து ஆளை அனுப்பினாலும் நடக்காது" என்றார்.

ஊரில் கரண்ட் போகும் நேரம் முறைவைத்து அறிவித்திருந்தார்கள், அன்றைய முறை காலையிலேயே முடிந்திருந்தது. எனக்கு அந்தப் பயம் இல்லை. மனிதக் கைகள்தான் பயம். சீரியல் விளக்குப் போடுகிற ஆள் கடை வழியாக உள்ளே போய் வந்துகொண்டிருந்தார். பந்தல்காரர் ஓர் ஒயரைக் கையில் வைத்துக்கொண்டு சொருக இடம் தேடினார். நான் எழுந்துபோய் மெயின் பெட்டியின் மேல் முதுகைச் சாய்த்து நின்றேன்.

அப்படியே முக்கால் மணி நேரம் நின்றேன். மச்சான், அதாவது மணப்பெண்ணின் வாப்பா, குனிந்து ஷட்டருக்குக் கீழே எட்டிப் பார்த்தார்.

"என்ன மச்சான், செவுத்தைத் தாங்கிப் புடிச்சிருக்கீங்க?"

வெக்கையாக இருக்கிறது, சுவர் குளிர்ச்சியாக இருக்கிறது என்றேன். அவர் சிரித்தார். பின்னால் நின்ற யாரோ, மாப்பிள்ளையை விட மாமாவுக்குத்தான் வெட்கம் அதிகம் என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்திருக்க வேண்டும்.

மூன்றரைக்கு அஸர் பாங்கு சொன்னார்கள். திரையில் பெயர்கள் இன்னும் ஏறிக்கொண்டிருந்தன. அந்தத் தொழுகையை நான் ஜமாஅத்தோடு தொழவில்லை. நாலுக்கு ஹஜ்ரத் வந்தார், சாட்சிகள் வந்தார்கள், மாப்பிள்ளையின் சாச்சா வந்தார். ஷட்டரை முழுதாகத் தூக்க வேண்டியதாயிற்று. பெரியவர்கள் பாயில் உட்கார்ந்து, கறுப்புத் திரையில் ஏறும் வெள்ளை எழுத்துகளைப் பார்த்தார்கள். சவூதியோடு இணைப்புக் கிடைக்க இப்படித்தான் ஓட வேண்டும்போல என்று ஒருவர் பக்கத்தில் இருந்தவருக்கு விளக்கம் சொன்னார். நான் மறுக்கவில்லை. உள்கதவுக்குப் பின்னால் பெண்கள் வந்து உட்காரும் சத்தம் கேட்டது. பேச்சுச் சத்தத்துக்கு நடுவே ஓர் இடம் மட்டும் அமைதியாக இருந்தது. மருமகள் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது.

நாலேகாலுக்கு மாப்பிள்ளை மச்சானின் போனில் கூப்பிட்டார். டவுன் கடைக்கு வந்து அரை மணி நேரம் ஆகிறது, திரையில் இன்னும் யாரும் வரவில்லையே என்று கேட்டார். மச்சான் என்னைப் பார்த்தார். நான் பார்வையைத் திருப்பிக்கொண்டேன்.

நாலு இருபத்தைந்துக்கு எழுத்துகள் நின்றன. நண்பரைக் கூப்பிட்டுக் கடைசி வரியை வாசித்தேன். "அல்லாவை வேண்டிக்கிட்டு மறுபடி போடுங்க பாய். பழைய கர்னல்லயே போடுங்க. புதுசுல இன்னைக்குக் காலை வைக்காதீங்க" என்றார். போட்டேன். ஒரு நிமிடம் கறுப்பு. பிறகு ஊதா நிறத்தில் படம் வந்தது. யாரோ "வந்துட்டுது" என்றார்கள். நான் வீடியோ அழைப்பைத் திறந்து மாப்பிள்ளையைக் கூப்பிட்டேன்.

கேமராவில் சிவப்புப் பொட்டு எரிந்தது. மாப்பிள்ளையின் முகம் திரையில் கட்டம் கட்டமாக வந்து சேர்ந்தது. வெள்ளைத் தொப்பி, வெயிலில் கறுத்த முகம். அவர் உதடு அசைந்தது. ஒலி இல்லை. ஒலிபெருக்கியைத் திருகினேன், ஒயரைப் பிடுங்கிச் சொருகினேன், ஒலி அமைப்பைத் திறந்து பார்த்தேன். அங்கே எந்தக் கருவியும் இல்லை என்று இருந்தது. காலையில் இருந்த கருவி. புதுப்பித்ததில் பாதி பழையது, பாதி புதியது என்று ஆகி, ஒலி மட்டும் நடுவில் எங்கேயோ விழுந்துவிட்டது. மணி நாலு முப்பத்தெட்டு. நண்பரைக் கூப்பிட்டேன், தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது.

நான் எழுந்து நின்று, அந்தக் கூட்டத்தின் முன்னால், குரல் வராது என்று சொன்னேன். நாலு பேருக்கு முன் நான் சொன்ன மிக நீளமான வாக்கியம் அதுவாகத்தான் இருக்கும்.  மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் மெல்லத் தோள் துண்டைச் சரிசெய்துகொண்டார். எழுந்திருக்கப் போகிறவர்கள் செய்வதுபோல.

மச்சான்தான் தன் போனைத் தூக்கிப் பிடித்தார். ஸ்பீக்கரில் போட்டு மாப்பிள்ளையை அதில் பேசச் சொன்னார். குரல் போனில் வந்தது. உதடு திரையில், ஒரு நொடி பிந்தி அசைந்தது. ஹஜ்ரத் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். தாடியை நீவினார்.

"முகம் இதுல இருக்கு, குரல் அதுல வருது. ரெண்டும் ஒரே ஆள்னு நான் எப்படி எடுத்துக்கிறது?"

 அவரே போனுக்குப் பக்கத்தில் குனிந்தார்.

"தம்பி, நான் கேக்குறது காதுல விழுதா? வலது கையைத் தூக்குங்க. மூணு விரலைக் காட்டுங்க."

நாங்கள் திரையைப் பார்த்தோம். ஒரு நொடி ஒன்றும் இல்லை. பிறகு கட்டம் கட்டமாக ஒரு கை மேலே வந்தது. மூன்று விரல்.

"இப்ப தொப்பியைக் கழட்டிட்டுத் திருப்பிப் போடுங்க."

தொப்பி கழன்றது. முன் தலையில் முடி குறைந்திருந்தது. உள்கதவுக்குப் பின்னால் பெண்கள் பக்கம் ஒரு சிரிப்பு எழுந்து அடங்கியது. தொப்பி திரும்ப ஏறியது. ஹஜ்ரத் சாட்சிகளைப் பார்த்தார், இருவரும் தலையசைத்தார்கள். மாப்பிள்ளை, தன் சாச்சாவை வக்கீலாக நியமிப்பதாகப் போனில் சொன்னார். யாரும் கேட்காமலே இரண்டு தடவை சொன்னார், இரண்டாவது தடவை சத்தமாக. அந்தச் சத்தத்தை மருமகள் கேட்டிருப்பாள் என்பது மட்டும் எனக்குப் போதுமாக இருந்தது.

சாச்சா ஏற்றுக்கொண்டார். துஆ ஓதி முடிக்கும்போது ஐந்துக்கு நாலு நிமிடம் இருந்தது. திரையில் மாப்பிள்ளை எழுந்து, கடைக்கண்ணால் வாசலைப் பார்த்து, கையசைத்துவிட்டு ஓடினார். காலி நாற்காலி கொஞ்ச நேரம் தெரிந்தது.

சாப்பாடு முடிந்து கூட்டம் கலைந்த பிறகு, அந்தி நேர மஃரிபுத் தொழுகைக்கு முன்னால், லாத்தா கடைக்குள் வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். நான் இனி மறைக்க முடியாது என்று நினைத்தேன்.

"லாத்தா, காலையில மெஷினைப் புதுசு பண்ணப் போட்டது நான்தான். அது ஓடிக்கிட்டு இருக்கும்போது மெயினை இறக்கிட்டு ஜும்மாவுக்குப் போனதும் நான்தான்."

அவர் என்னைப் பார்க்கவில்லை. யுபிஎஸ்ஸைப் பார்த்தார்.

"நீ போனதுக்கப்புறம் அது கத்திக்கிட்டே இருந்துச்சு. நல்ல நாளும் அதுவுமா என்ன கத்தல்னு, உள்கதவைத் திறந்து வந்து நான்தான் அதை அமத்துனேன். அமத்துனதும் மூணு டிவியும் பொட்டுனு அணைஞ்சு போச்சு. நீ வந்து படம் வரலைன்னு நின்னப்ப, நான்தான் என் புள்ள கல்யாணத்தைக் கெடுத்துட்டேன்னு நெனச்சேன்."

அவர் அதைச் சொன்னபோது அன்று இரண்டாவது தடவையாக என் காது அடைத்தது. அந்த எண்ணத்தை வைத்துக்கொண்டா மூன்று மணி நேரம் எல்லாருக்கும் சர்பத் ஊற்றினார்? சிரித்த முகத்தோடு சம்பந்தி வீட்டாருக்குத் தட்டு நீட்டினார்? எனக்கு ஷட்டரை இறக்கிக்கொள்ள முடிந்தது, சுவரில் சாய முடிந்தது, போனில் ஒருவரிடம் புலம்ப முடிந்தது. அவருக்கு அதுவும் இல்லை. அந்த யுபிஎஸ் எப்படியும் பத்து நிமிடத்தில் தானே அணைந்திருக்கும், உங்கள் கையால் ஒன்றும் ஆகவில்லை என்று சொன்னேன். நம்பினாரா என்று தெரியவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு, பிரியாணிச் சட்டியைக் கழுவ ஆள் வந்திருக்கிறது என்று எழுந்து போனார்.

மறுநாள் சனிக்கிழமை. கடையைத் திறக்கவில்லை. நண்பர் பதினோரு மணி பஸ்ஸில் வந்து மற்ற இரண்டு மெஷின்களையும் ஒவ்வொன்றாக எழுப்பினார். ஒலி இரண்டில் வந்தது, ஒன்றில் வரவில்லை. சாப்பிட்டுவிட்டு நாலு மணி பஸ்ஸில் போனார்.